பத்தொன்பது நாள் மாத்திரையும் முப்பத்தேழாம் எலியும்

பெருமதிப்புக்குரிய மூத்த மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கைப்பிடித்த பாவத்துக்கு ஆளான இளையவன் பணிவோடு எழுதிக்கொள்வது. நீங்களும் வீட்டில் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதில் பாதிதான் உண்மை. உங்கள் தங்கை சுகம். அந்தச் சுகம் இன்னும் எத்தனை நாளைக்கு என்று தெரியாததால்தான் இந்தக் கடிதம்.

பதறாதீர்கள். உட்கார்ந்து படியுங்கள். முக்கியமாக, சத்தம் போட்டுப் படிக்காதீர்கள். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். உங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம். போனை ஸ்பீக்கரில் போட்டு, நான் சொல்லும் ஒவ்வொரு வரியையும் நீங்களும் ஒருமுறை உரக்கச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்வீர்கள். தீயணைப்பு நிலையத்தில் முப்பது வருஷம் இருந்த பழக்கம், குறை சொல்லவில்லை. ஆனால் நான் இப்போது சொல்லப்போவதை நீங்கள் அப்படி உரக்கச் சொன்னால் உங்கள் தெரு முனை வரைக்கும் என் மானம் போய்விடும்.

முதலில் ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்குக் கண்காணிப்பு வேலை என்று உங்களிடம் சொல்லி வைத்திருந்தேன். நீங்கள் வாசல் காவல் என்று நினைத்துக்கொண்டீர்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன். உங்கள் தங்கையிடமோ, எலிகளுக்குத் தீனி போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உண்மையில் நான் கண்காணிப்பது எலிகளைத்தான், அதிலும் ஆண் எலி பெண் எலியிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஆண் எலியை விட்டு, பழகட்டும் என்று ஐந்து நிமிஷம் பொறுத்து, பிறகு பெண் எலியை விட வேண்டும். நான் எதிரே முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், மறு கையில் பென்சில். எத்தனை வினாடியில் மோந்து பார்த்தது, எத்தனை வினாடியில் துரத்தியது, அதற்கு மேல் எத்தனை வினாடியில்... மச்சான், நீங்கள் பெரியவர். அதற்கும் எங்கள் தாளில் தனிக் கட்டம் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பதினெட்டு வருஷமாக இதை முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் பார்த்துக் குறித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கை கழுவிச் சாப்பிட்டவன் நான்.

எலிக்குப் பகலில்தான் தூக்கம். அதனால் அந்த அறையில் பகலை இரவாக்கி வைத்திருக்கிறோம். ஜன்னல் கிடையாது. காலை பத்து மணிக்கு உள்ளே போனால் கும்மிருட்டில் ஒரே ஒரு சிவப்பு விளக்கு எரியும். எலிக்கு அந்த வெளிச்சம் அவ்வளவாகத் தெரியாது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அதுபாட்டுக்கு இருக்கும். நமக்கோ அந்த வெளிச்சத்தில் நிறம் பிடிபடாது. சிவப்பு, மஞ்சள், வெள்ளை எல்லாம் ஒன்று போலவே இருக்கும். அதனால்தான் எங்கள் மருந்துப் புட்டிகளில் நிறத்தை வைத்து அடையாளம் செய்வதில்லை, கறுப்பு மையில் எண் எழுதுவதோடு சரி. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுப்பது நான்தான்.

இந்த ஆறு மாதமாக நடக்கும் சோதனை டோபமைன் என்ற ஒன்றைப் பற்றியது. எனக்கும் விளங்காமல், சோதனையை நடத்தும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். மகள் வயதுதான் இருக்கும் அவருக்கு. “மூளைக்குள்ள ஊறுற ஒரு சாறுன்னு வெச்சுக்குங்க. ஒண்ண வேணும்னு தோண வைக்கிறதுல அதுக்குப் பெரிய பங்கு” என்றார். மூன்று புட்டி. ஒன்றில் இருப்பது அந்தச் சாற்றின் வேலையைத் தூண்டிவிடும், ஒன்று அதை அடக்கும், ஒன்று வெறும் உப்புத்தண்ணீர். எந்த எண்ணில் எது என்பது, பார்த்துக் குறிக்கிறவனுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைப் பார்க்க ஆரம்பித்துவிடும் என்பார்கள். அந்த ரகசியம் டாக்டரம்மாவின் மேஜை இழுப்பறையில் பூட்டிக் கிடக்கிறது. பதினெட்டு வருஷம் பார்த்த கண்ணுக்கு இழுப்பறை எதற்கு மச்சான்? அடக்கும் மருந்து ஏறிய எலி, பெண் எலி பக்கத்தில் வந்து நின்றாலும், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி மூலையில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருக்கும். உப்புத்தண்ணீர் எலி நம்மைப் போல, தோன்றினால் எழுந்திருக்கும், தோன்றாவிட்டால் இருந்துவிடும். தூண்டும் மருந்து ஏறியதுதான் முப்பத்தேழாம் எண். அதற்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. சாதாரணமாக மூன்று நிமிஷம் யோசிக்கும் ஆள். மருந்து போட்ட அன்று பெண் எலி பெட்டிக்குள் கால் வைத்த நான்காவது வினாடியில் தாவிவிட்டது, எனக்குப் பென்சில் எடுக்கவே நேரமில்லை. மருந்தின் அளவைக் கூட்டியதும் இன்னும் மோசம். பெண் எலியை அடியோடு மறந்துவிட்டுப் பெட்டியின் ஒரு மூலையை மணிக்கணக்காக நக்கிக்கொண்டே இருந்தது. வேண்டும் வேண்டும் என்ற தவிப்பு மட்டும் உடம்பில் இருக்கிறது, என்ன வேண்டும் என்பது மறந்துபோய்விட்டது. அன்றைக்கு அதைப் பார்த்துப் பாவமாக இருந்தது. இன்றைக்கு என்னைப் பார்த்தே பாவமாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கை வீட்டிலேயே திரைச்சீலையும் மெத்தை உறையும் தைத்துக் கொடுப்பது உங்களுக்குத் தெரியும். அவளுக்குக் கண் மங்கிய பிறகு ஊசியில் நூல் கோர்த்துக் கொடுப்பது என் வேலை. மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே ஊசியை நீட்டுவாள், நான் கோர்த்துத் திருப்பிக் கொடுப்பேன். அதற்கு ஒரு பேச்சும் கிடையாது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் நூல் காதுக்குள் போகவில்லை. எச்சில் தொட்டு முறுக்கினேன், போகவில்லை. நூலில் குறை என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள். “கை ஏங்க இப்படி ஆடுது?” என்றாள். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. வலது கை தன்னிஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது, நான் நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை. உடம்பில் ஒரு உறுப்பு நம் பேச்சைக் கேட்காமல் போவதை உங்களைப் போன்ற தைரியசாலிகளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று தெரியவில்லை.

நரம்பு டாக்டரிடம் தனியாகத்தான் போனேன். நடக்கச் சொன்னார், கையை விரிக்கச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். வரியின் முடிவில் எழுத்து சின்னதாகிக்கொண்டே போவதைக் காட்டினார். இந்தக் கடிதத்திலும் அதைப் பார்ப்பீர்கள், கடைசிப் பக்கத்துக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படும், மன்னிக்கவும். பிறகு சொன்னார் பாருங்கள். “உங்க மூளையில டோபமைன் கொறஞ்சுக்கிட்டு வருது. இந்த மாத்திரை அதோட வேலையைச் செய்யும். விடாம சாப்பிடணும். விட்டீங்கன்னா நடுக்கம் கூடும், போகப்போக நடையும் தடுமாறும்.” டோபமைன் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குக் கண்முன் வந்து நின்றது மாப்பிள்ளைதான். “டாக்டர், பக்க விளைவு எதாவது...” என்று இழுத்தேன். “சில பேருக்கு ஆசை கொஞ்சம் கட்டுமீறிப் போகலாம். கண்டதையும் வாங்கறது, சூதாட்டம், அப்புறம்...” என்று சிரித்தார். “எதுக்கும் வீட்டம்மாகிட்ட சொல்லி வைங்க. மாற்றம் தெரிஞ்சா அவங்கதான் முதல்ல கவனிப்பாங்க.” எதற்குச் சிரித்தார் என்று இன்று வரை யோசிக்கிறேன். வீட்டில் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? வெறும் சத்து மாத்திரை என்று உங்கள் தங்கையிடம் வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

அன்றைக்கே மருந்துக் கடையில் என் மாத்திரையையும், மூட்டுவலிக்காக அவளுக்கு எழுதிக் கொடுத்திருந்த சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் சேர்த்து வாங்கினேன். இரண்டும் ஒரே அளவு வெள்ளைப் பிளாஸ்டிக் புட்டி. என் புட்டியின் மேல் எழுதியிருந்த மருந்தின் பெயரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவள் படித்துவிட்டு யாரிடமாவது கேட்டுவிடுவாளோ என்றும் பயம். அதனால் இரண்டையும் வேலைக்கு எடுத்துப் போய், யாரும் எட்டிப் பார்க்காத அந்தச் சோதனை அறையிலேயே உட்கார்ந்து, பெட்டி மூடிகளை ஒட்ட வைத்திருக்கும் டேப் சுருள்களை எடுத்து, ஆபத்துக்குச் சிவப்பு என்று என் புட்டியில் சிவப்பு டேப்பைப் பெயர் தெரியாதபடி மூன்று சுற்றுச் சுற்றினேன், அவளுடையதில் மஞ்சள். எந்தக் காரியத்திலும் அடையாளம் பிசகக் கூடாது என்பது பதினெட்டு வருஷப் பாடம். அன்றிலிருந்து தினமும் காலையில் சிவப்புப் புட்டியிலிருந்து ஒன்று விழுங்குகிறேன். மாத்திரையா அது! சுவரில் பூசும் சுண்ணாம்பைக் கட்டியாக்கியது மாதிரி, அரைச் சொம்புத் தண்ணீர் குடித்தாலும் தொண்டையில் நின்றுவிட்டுத்தான் இறங்குகிறது. எவ்வளவு வீரியமான மருந்தாக இருந்தால் இவ்வளவு பெரிதாகச் செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்றோடு பத்தொன்பது நாள். என்னையே ஒரு எலியாக வைத்துத் தாள் போட்டுக் குறித்து வருகிறேன். மூன்றாம் நாள் லிஃப்ட் ஓடவில்லை. எங்கள் வீடு மூன்றாம் மாடி. படியேறும்போது உங்கள் தங்கையின் கையைப் பிடித்திருக்கிறேன். பிடித்திருக்கிறேன் என்பதே எனக்கு இரண்டாம் மாடியில்தான் தெரிந்தது. வீட்டு வாசலில் சாவியெடுக்கத்தான் அவள் கையை விடுவித்துக்கொண்டாள். ஆறாம் நாள் அவள் தைத்துக்கொண்டிருந்ததைக் கதவோரம் நின்று பார்த்தேன். நான்கு நிமிஷம் பத்து வினாடி, ஸ்டாப்வாட்ச் சாட்சி. முப்பத்தோரு வருஷத்தில் நான் அவளைத் தொடர்ந்து பார்த்த நேரம் அதுதான் அதிகம் என்று நினைக்கிறேன். எட்டாம் நாள் குளிக்கும்போது பாடினேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். பத்தாம் நாள் அவள் மூக்குக்கண்ணாடியை நானே ஒளித்து வைத்தேன், தேடிக்கொண்டு என்னைக் கூப்பிடட்டும் என்று. ஐம்பத்தெட்டு வயதில் செய்கிற காரியமா? பன்னிரண்டாம் நாள் பஸ் நிறுத்தத்தில், நாலு பேர் நிற்கும்போது, “இந்த நிறம் உனக்கு எடுப்பா இருக்கு” என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என் குரல் என்று தெரிந்தது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, “இத நான் ஒம்பது வருஷமா போட்டுட்டு வர்றேன்” என்றாள். அதோடு விடவில்லை, நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்த்தாள். அந்தக் கை பட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது.

இதற்கெல்லாம் சிகரம் பதினைந்தாம் நாள். எங்கள் தொழிலில் ஒரு அடையாளம் உண்டு. ஆண் எலி மேல் ஆசை வந்துவிட்டால் பெண் எலி துள்ளித் துள்ளி ஓடும், காது இரண்டையும் படபடவென்று ஆட்டும். அதற்கும் தாளில் கட்டம் இருக்கிறது. அன்று மாலை நான் வீட்டுக்குள் நுழைந்தால், எப்போதும் பெட்டிக்குள் கிடக்கும் பழைய தோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு உங்கள் தங்கை என் எதிரே வந்து நிற்கிறாள். தோடு ஆடுகிறது. மச்சான், நான் குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். வெளியே வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. “வயிறு சரியில்லையா?” என்று கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள், ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நேற்றைக்கு இன்னொன்று. சாப்பாட்டு மேஜையின் ஒரே மூலையை நான் துணியால் துடைத்துக்கொண்டே இருந்ததை அவள்தான் பார்த்து, “அங்க என்னதான் இருக்கு?” என்றாள். எனக்கு மாப்பிள்ளையின் ஞாபகம் வந்து துணி கையிலிருந்து விழுந்துவிட்டது. அடுத்து நாக்கை நீட்டப்போகிறேனோ என்று பயம். இத்தனையும் நடக்கிறது, கை நடுக்கம் மட்டும் ஒரு இம்மி குறையவில்லை. கைக்குக் கொடுத்த மருந்து வழி தவறி வேறு எங்கோ போய்விட்டது என்பது என் முடிவு.

நிறுத்திவிடலாம் என்றால் நடை போய்விடும் என்று டாக்டர் பயமுறுத்தியிருக்கிறார். தொடர்ந்தால் நான் என்னவாகப் போகிறேனோ என்று பயம். எங்கள் கல்யாணத்தன்று நீங்கள் என்னைத் தனியே அழைத்துப் போய், “என் தங்கச்சி கண்ணுல தண்ணி வந்துச்சுன்னு கேள்விப்பட்டேன், அப்புறம் நான் சும்மா இருக்க மாட்டேன்” என்று சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. நீங்கள் அன்று சீருடையில் வேறு இருந்தீர்கள். ஆகவே அதற்கு முன்னால் நானே தெரியப்படுத்துகிறேன். தீப்பிடித்த வீட்டின் நாலாம் மாடியிலிருந்து முன்பின் தெரியாதவர்களை எல்லாம் ஏணி போட்டு இறக்கியவர் நீங்கள். உங்கள் சொந்தத் தங்கையை மூன்றாம் மாடியிலிருந்து அழைத்துப் போக மாட்டீர்களா? மூன்று மாதம் போதும், மருந்தின் போக்குத் தெரிந்துவிடும். அக்காவுக்கு முதுகுவலி, உதவிக்கு ஆள் வேண்டும், அண்ணன் கூப்பிட்டார் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். பக்கத்து அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அக்காவிடம் சொல்லி முதுகைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன். பஸ் நிறுத்தத்துக்குப் பிறகு உங்கள் தங்கை மெஷினில் உட்கார்ந்தபடி தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறாள். சாப்பாடு பரிமாறும்போது என் பக்கம் பார்க்கிறாள். அவள் சந்தோஷமாக இருக்கிறாள் மச்சான். எனக்குக் கை நடுக்கத்தைவிட, மாப்பிள்ளையைவிட, உங்களைவிடப் பயமாக இருப்பது அதுதான். கையைப் பிடித்ததும் நிறத்தைச் சொன்னதும் நான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது மாத்திரை. முப்பத்தோரு வருஷம் ஒரு வார்த்தை சொல்லாமல் நூல் மட்டும் கோர்த்துக் கொடுத்தவன், இப்போது கடையில் வாங்கிய பிரியத்தைத் தினம் ஒன்றாக விழுங்கி அவளை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் டாக்டர் மருந்தை மாற்றிவிட்டால் அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? கிளம்பி வாருங்கள். சீக்கிரம்.

எழுத்து எறும்பாகிவிட்டது, நிறுத்துகிறேன். உங்கள் இருவரின் ஆரோக்கியத்துக்கும் நீண்ட ஆயுளுக்கும் என் வேண்டுதல் என்றும் உண்டு. அக்காவின் இல்லாத முதுகுவலி சீக்கிரம் குணமாகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கோபத்துக்கு அஞ்சும், உங்கள் உதவியை நம்பியிருக்கும்
இளைய மச்சான்

பின்குறிப்பு: அண்ணா, இனி எழுதுவது நான். கடிதம் எழுதிய களைப்பில் மேஜையிலேயே தலைசாய்த்துத் தூங்கிவிட்டார், எல்லாவற்றையும் படித்தேன். பதினெட்டு வருஷமாக எலிக்குத் தீனி போடுகிறார் என்று நம்பிக்கொண்டிருந்தேன், அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். பெட்டி அடுக்கும்போது என் மஞ்சள் புட்டியையும் எடுத்து வைத்தேன். அந்த மாத்திரையை நான் ஒரு நாளும் தொட்டதில்லை, தினமும் போடுகிறேன் என்று இவரிடம் பொய்தான் சொல்லி வந்தேன். மூடியின் சீல்கூடப் பிரியவில்லை. டேப்பின் ஓரம் கிளம்பியிருந்தது, உரித்துப் பார்த்தேன். அடியில் எழுதியிருந்தது இவருடைய நரம்பு மருந்தின் பெயர். ஓடிப்போய்ச் சிவப்புப் புட்டியை உரித்தேன், என் சுண்ணாம்புச்சத்து. சிவப்பு விளக்கடியில் உட்கார்ந்து சிவப்பும் மஞ்சளும் பார்த்து ஒட்டியிருக்கிறார், ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிறவர். சத்து மாத்திரை என்று என்னிடம் சொன்ன பொய்தான் நிஜமாகிவிட்டது.

எழுப்பிக் காட்டினேன். ரொம்ப நேரம் இரண்டு புட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, “அப்ப நான் உப்புத்தண்ணி எலியா?” என்றார். பிறகு முகம் வெளிறிப்போய், “அப்ப அதெல்லாம் யாரு செஞ்சது?” என்றார். நீங்கதான் என்றேன். முன்னைவிட அதிகமாகப் பயந்து போய் உட்கார்ந்திருக்கிறார். நரம்பு டாக்டருக்கு நானே போன் செய்து பேசிவிட்டேன். பத்தொன்பது நாள் தள்ளிப்போனதால் பெரிய மோசமில்லை, நாளையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார். என் கையாலேயே கொடுக்கப் போகிறேன். நடுக்கம் குறையட்டும், மறுபடி நூல் கோர்க்கட்டும். ஆனால் இப்போது பயம் எனக்கு வந்துவிட்டது அண்ணா. நிஜ மருந்து உள்ளே போய் எல்லாம் சரியாகி, இவர் பழையபடி ஆகிவிட்டால் என்ன செய்வேன்? நீங்கள் இப்போது வர வேண்டாம். படியில் இவர் என் கையைப் பிடிக்காமல் ஏறுகிற அன்றைக்கு எழுதுகிறேன், அப்போது ஏணியோடு வாருங்கள்.

கடிதத்தைக் கிழிக்கப் போனார், பிடுங்கி வைத்துக்கொண்டேன். உங்கள் பெயருக்கு எழுதியதை உங்களுக்கு அனுப்பாமல் இருப்பது முறையில்லை என்பதால் அனுப்புகிறேன். படித்ததும் கசங்காமல் எனக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். முப்பத்தோரு வருஷத்தில் இவர் என்னைப் பற்றி எழுதியது இது ஒன்றுதான்.